தொடர்பியல் படிப்பில் எதைக் கற்றுத்தர வேண்டும்?

கேள்வி (இறுதியாண்டு மாணவர்)

வணக்கம். 1948-இல் கிளாட் ஷானன் வகுத்த தொடர்பு மாதிரியை, அனுப்புநர், அலைவரிசை, இரைச்சல், பெறுநர் என்று பெட்டி பெட்டியாக மூன்று தேர்வுகளில் வரைந்து மதிப்பெண் வாங்கியவன் நான். சென்ற மாதம் நூலக நேரம் மாறியதை அறிவிக்க நான்கு வரி எழுதச் சொன்னார்கள். "மாணவர் நலன் கருதி நூலக நேரத்தில் மாற்றம் செய்யப்பட்டுள்ளது" என்று தொடங்கிப் புதிய நேரத்தைக் கடைசி வரியில் வைத்தேன். மறுநாள் பூட்டிய கதவின் முன் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லோருமே அறிவிப்பின் முதல் வரியைப் படித்தவர்கள்தாம். இத்தனை ஆண்டுகளில் என் கட்டுரை ஒன்றுகூட 'திருத்தி எழுதி வா' என்று திரும்பி வந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கோட்பாட்டைக் குறைத்து எழுத்துப் பயிற்சியைக் கூட்டினால் இது சரியாகிவிடுமா?

மறுமொழி 1 (ஆசிரியர்)

கோட்பாட்டின் மேல் பழியைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஷானன் பொறியாளர், சமிக்ஞை சிதையாமல் மறுமுனைக்குப் போய்ச் சேருவதே அவருடைய கவலை. செய்தியின் பொருள் அந்தப் பொறியியல் சிக்கலுக்குத் தொடர்பற்றது என்று, இந்த மாதிரியை முன்வைத்த 1948 கட்டுரையின் தொடக்கத்திலேயே அவர் எழுதிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் நடத்துகிறோமே, தவறு அங்கேதான் இருக்கிறது. உங்கள் அறிவிப்பு சிதையாமல்தான் போய்ச் சேர்ந்தது. வந்தவர்களுக்கு வேண்டிய செய்திதான் சேரவில்லை.

மறுமொழி 2 (தொழில்நுட்ப ஆவணங்கள் எழுதுபவர்)

கடைசி வரியில் ஒளிந்த செய்தி என்றதும் நாசாவின் கொலம்பியா விண்ணோடம் நினைவுக்கு வருகிறது. 2003-இல் அது பறந்துகொண்டிருந்தபோது, ஏவுதலில் எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்து இடது இறக்கையைத் தாக்கிய நுரைத்துண்டைப் பற்றிப் பொறியாளர்கள் மேலாளர்களுக்கு ஸ்லைடுகள் காட்டினார்கள். அவற்றில் ஒன்றின் தலைப்பு நம்பிக்கை தரும் தொனியில் இருந்தது. முன்பு நடந்த சோதனையில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், இங்கே தாக்கியதாகக் கணக்கிட்டதோ 1920 கன அங்குலம் என்ற விவரம் அடிவரியில், சிறிய எழுத்தில் கிடந்தது. திரும்பி வரும் வழியில் விண்ணோடம் சிதறி ஏழு பேர் இறந்த விபத்துக்கு ஸ்லைடு காரணமன்று என்றாலும், விசாரணைக் குழு தன் அறிக்கையில் அதைத் தனியே எடுத்துக் குறைகூறியது. அந்த ஸ்லைடைத் திருத்தி எழுதுவதை ஒரு பருவத்தின் முதல் பயிற்சியாகவே வைக்கலாம். இன்னொன்று: எழுதியதை விவரம் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, தாளை வாங்கிக்கொண்டு, புரிந்ததை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். நான் இன்றும் செய்வது இதைத்தான். பல நாள் தலைகுனிய நேர்கிறது.

மறுமொழி 3 (கேள்வி கேட்டவர்)

நன்றி. அறிவிப்பை மாற்றி எழுதி அறைத் தோழனிடம் காட்டினேன். "திங்கள் முதல் நூலகம் காலை 10 மணிக்குத் திறக்கும்." நேரத்தைச் சரியாகச் சொன்னவன், "மூடும் நேரமும் மாறுகிறதா?" என்று கேட்டான். அதை நான் எழுதவே இல்லை.