காவடி வேட்டியில மஞ்சள் கறை, ஜிக் ப்ளீச் போடலாமா?

கேள்வி (பீனிக்ஸ், டர்பன்):
தைப்பூசக் காவடி முடிஞ்சு மகனோட வெள்ளைப் பருத்தி வேட்டி முழுக்க மஞ்சள். சோப்புப் போட்டதும் கறை ரத்தச் சிவப்பாயிடுச்சு, பயந்துட்டேன். என் பட்டுச் சேலை முந்தானையிலும் பட்டிருக்கு. ரெண்டையும் ஒண்ணா ஜிக்ல ஊற வைக்கலாமா?

பதில் (இசிப்பிங்கோ):
நாங்க ஜிக்கோட கொஞ்சம் வினிகர் சேர்ப்போம். சீக்கிரம் வெளுக்கும்.

பதில் (சாட்ஸ்வர்த்):
தம்பி, அதை இன்னையோட விட்டுடுங்க. ஜிக்ல இருக்கறது சோடியம் ஹைப்போகுளோரைட். வினிகரோ எலுமிச்சையோ கக்கூஸ் ஆசிட்டோ, புளிப்பு எது சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். நான் 22 வருஷம் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கற லாண்ட்ரியில இருந்தவள். அங்க டிரம்ல வர்ற ப்ளீச் வீட்டு ஜிக்கைவிட மூணு நாலு மடங்கு காட்டம். ஒரு நாள் புதுப் பையன் ஒருத்தன் கடைசி அலசலுக்குப் போடற ஆசிட்டை மக்குல அளந்துட்டு, மிச்சத்தைக் கொட்டாம அதே மக்கை ப்ளீச்சுக்குள்ள விட்டுட்டான். கண் எரிஞ்சு, நெஞ்சு அடைச்சு எல்லாரும் வெளியே ஓடினோம். அவனுக்கு ராத்திரி பூரா இருமல். அப்புறம் நான் சண்டை போட்டுத்தான் ரெண்டுக்கும் தனித்தனி மக் வந்துச்சு.

தங்கச்சி, சிவந்ததுக்குப் பயப்படாதீங்க. ஆரத்தித் தட்டில சுண்ணாம்பு பட்டு மஞ்சள் சிவக்குதே, அதேதான். சோப்பும் காரம். நல்லா அலசினா மறுபடி மஞ்சளாயிடும். முதல்ல வேட்டியை ஈரத்தோட நல்ல வெயில்ல ரெண்டு நாள் போடுங்க, மஞ்சள் வெயிலுக்கு நிக்காது. மிச்சம் இருந்தா மட்டும் பத்து லிட்டர் பச்சைத் தண்ணிக்கு அரை கப் ஜிக், கால் மணி நேரம், பிளாஸ்டிக் வாளி, கையுறை, ஜன்னல் திறந்து. வெந்நீர் வேண்டாம், நூல் நைஞ்சுடும். கலர் கரை போட்ட வேட்டின்னா வெயிலோட நிறுத்துங்க.

பட்டுப் பக்கமே ஜிக் போகக் கூடாது. பட்டு நம்ம தலைமுடி மாதிரி புரதம், அரிச்சுக் கரைச்சுடும். மஞ்சள் கறைன்னு சொல்லி டிரை கிளீனிங்ல கொடுங்க.

பீனிக்ஸ்:
கரை பச்சை அக்கா. வேட்டியைக் கொடியில போட்டாச்சு, ஜிக்கை எடுக்கலை.

இசிப்பிங்கோ:
அக்கா, அம்மா குளியலறையைச் சாத்திக்கிட்டுத்தான் துவைப்பாங்க. துவைக்கிற நாளெல்லாம் இருமல். இதுவா இருக்குமா?

சாட்ஸ்வர்த்:
இருக்கலாம் தம்பி. டாக்டர்கிட்ட ஜிக்கும் வினிகரும் கலந்ததை மறைக்காம சொல்லச் சொல்லுங்க. கலந்து வச்சது ஏதாவது வாளியில இருந்தா அம்மாவைக் கிட்ட போக விடாதீங்க, கதவு ஜன்னலைத் திறந்து விட்டு எல்லாரும் வெளியே நில்லுங்க.