பழைய ட்ரையல்ஸ் வண்டி, முதல் போட்டி: எதை முதல்ல பாக்கணும்?

மெதுவண்டி:
வணக்கம் அண்ணன்களே. ரொம்ப நாள் ஆசை, இப்பதான் ஒரு செகண்ட்ஹேண்ட் ட்ரையல்ஸ் பைக் (பாறை, வேர் மேல கால் ஊனாம மெதுவா பேலன்ஸ் பண்ணி ஓட்டுற போட்டிக்கான வண்டி) கைக்கு வந்துருக்கு, 250 டூ ஸ்ட்ரோக். இதுக்கு முன்னாடி எண்டூரோ (காட்டுப் பாதைல நீளமா ஓடுற போட்டி) ஓட்டிருக்கேன், அதனால செயின், ஃபில்டர் எல்லாம் கை பழக்கம் இருக்கு, ஆனா இந்த வண்டி வேற மாதிரி, சீட்டே இல்ல, டேங்க்ல ரெண்டு மூணு லிட்டர்தான் புடிக்கும், டயர்ல காத்து இருக்கா இல்லையான்னே தெரியல அவ்ளோ லூசா இருக்கு. சீக்கிரமே ஒரு கிளப் போட்டி வருது, பிகினர் கிளாஸ்ல பேர் குடுத்துட்டேன். முந்தின ஓனர் என்ன பண்ணார் என்ன பண்ணலன்னு எந்தக் கணக்கும் இல்ல. என் கேள்வி மூணு: முதல்ல எதைக் கழட்டிப் பாக்கணும்? பெட்ரோல்ல ஆயில் எவ்வளவு கலக்கணும், ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அப்புறம் காலைல முதல் ஸ்டார்ட் பண்ணி கியர் போட்டா வண்டி டொக்குன்னு முன்னாடி பாயுது, க்ளட்ச் புடிச்சிருந்தும். இது க்ளட்ச் போயிருச்சுன்னு அர்த்தமா?

ஒத்தவிரல்_க்ளட்ச்:
வாழ்த்துக்கள் நண்பா. கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில், ஏன்னா அதுதான் உங்களப் பயமுறுத்துது. பெரும்பாலும் க்ளட்ச் போகல. ராத்திரி பூரா நின்னதுல ப்ளேட்டுங்க ஆயிலோட ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே கியர்ல போட்டு, க்ளட்ச் லீவரப் புடிச்சிட்டு வண்டிய முன்னயும் பின்னயும் ஆட்டுங்க, பிரிஞ்சுடும். அப்புறம் நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி கொஞ்சம் சூடாக விடுங்க. சூடான பிறகும் இழுத்துச்சுன்னாதான் யோசிக்கணும், அப்பவும் முதல்ல ஆயில மாத்திப் பாருங்க. இந்த வண்டிங்கள்ல கியர்பாக்ஸும் க்ளட்ச்சும் ஒரே ஆயில்லதான் குளிக்குது, அளவும் அரை லிட்டர் பக்கம்தான், அதனால சீக்கிரம் கருத்துடும். கெட்டியான ஆயில் ஊத்திருந்தா க்ளட்ச் இழுக்கத்தான் செய்யும். நெறைய பேர் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊத்துற மெல்லிசான ஆயில்) ஊத்துறாங்க, மேனுவல் என்ன சொல்லுதோ அத ஊத்துங்க. ஆயிலும் சரியா இருந்து இன்னும் இழுத்தா லைன்ல காத்து இருக்கலாம், ப்ளீட் பண்ணணும், அதாவது அந்தக் காத்த வெளியேத்தணும். ஆனா ஒண்ணு கவனம், சில க்ளட்ச் மாஸ்டர் சிலிண்டர் மினரல் ஆயில், சிலது டாட் 4ங்கற பிரேக் ஆயில். மாத்தி ஊத்துனா சீல் ஊதிப் போயிடும். மூடி மேல எழுதிருக்கும், அதப் படிக்காம பாட்டிலத் தொறக்காதீங்க.

பெட்ரோல் கலவை: ட்ரையல்ஸ் வண்டி நாள் முழுக்க கம்மி ஆர்பிஎம்ல ஓடுது, மோட்டோகிராஸ் மாதிரி 40:1 (பெட்ரோல் 40 பங்குக்கு ஆயில் 1 பங்கு) போட்டா ஆயில் எரியாம ப்ளக்லயும் சைலன்சர்லயும் போய் உக்காரும். 66:1லருந்து 80:1க்குள்ளதான் பெரும்பாலும் ஓட்டுறாங்க, நல்ல ஃபுல் சிந்தெட்டிக் ஆயிலோட. 80:1னா லிட்டருக்கு 12.5 எம்எல், 66:1னா 15. கண்ணளவுல ஊத்தாம சிரிஞ்ச் வெச்சு அளங்க. விகிதத்த மாத்துனா கார்பரேட்டர் ட்யூனிங்கும் லேசா மாறும், அதனால ஒண்ணப் புடிச்சிட்டு அதுலயே நில்லுங்க.

இனி முக்கியமான விஷயம். எண்டூரோல வண்டி உடையாம வீடு வந்து சேரணும்னு பாப்போம். இங்க அது போதாது, வண்டி ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நடந்துக்கணும். நீங்க ஒரு பாறை மேல நடக்குற வேகத்துல நின்னுக்கிட்டு ஒத்த விரல்ல க்ளட்ச்சையும் ஒத்த விரல்ல ஃப்ரன்ட் பிரேக்கையும் வெச்சு பேலன்ஸ் பண்றீங்க, அந்த நேரத்துல க்ளட்ச் ஒரு தடவ இங்க கடிச்சு அடுத்த தடவ அங்க கடிச்சா, ஐடில் ஏறி எறங்குனா, உங்க உடம்பு எதையும் கத்துக்க முடியாது. அதனால நான் பாக்குற வரிசை: க்ளட்ச், ஃப்ரன்ட் பிரேக், கார்பரேட்டர் பைலட் ஜெட் (ஐடில்ல பெட்ரோல் விடுற சின்ன ஓட்டை), த்ராட்டில் கேபிள். பளபளப்பு, ஸ்டிக்கர் எல்லாம் அப்புறம். பிரேக் டிஸ்க்ல செயின் ஸ்ப்ரே ஒரு துளி பட்டாலும் பிடிப்பு போயிரும், ஸ்ப்ரே அடிக்கும்போது டிஸ்க்க துணியால மூடிடுங்க. வண்டி ரொம்ப நாள் நிக்கப்போகுதுன்னா ஃப்ளோட் பவுல்ல (கார்பரேட்டர் அடியில இருக்குற கிண்ணம்) இருக்குற பெட்ரோல எறக்கிடுங்க, பைலட் ஜெட் அடைக்கிறதே அந்தப் பழைய பெட்ரோலாலதான்.

சறுக்குப்பாறை:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா செகண்ட்ஹேண்ட் வண்டின்னா நான் முதல்ல கழட்டுறது பின் சஸ்பென்ஷன் லிங்கேஜ் (ஸ்விங்ஆர்மையும் ஷாக்கையும் இணைக்கிற மூட்டு). அது கீழ பேஷ் ப்ளேட்டுக்கு (எஞ்சின் அடியில இருக்குற காப்புத் தகடு) பக்கத்துல இருக்கு, தண்ணி சேறு எல்லாம் நேரா அங்கதான் போகும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, உள்ள நீடில் பேரிங் துருப்புடிச்சு இறுகியிருக்கும். கழட்டி கிரீஸ் வெச்சு மாட்டுங்க, அப்படியே ஸ்விங்ஆர்ம் போல்ட்டும் ஸ்டியரிங் ஹெட்டும். ப்ரஷர் வாஷர் வெச்சுக் கழுவுற பழக்கம் இருந்தா பேரிங் பக்கம் அடிக்காதீங்க, இன்னொன்னு நெறைய மாடல்ல ஏர்பாக்ஸ் வாய் பின் மட்கார்டுக்கு அடியில இருக்கும், அத மூடாம கழுவுனா தண்ணி நேரா ஃபில்டருக்குப் போகும்.

ஃபில்டர் ஃபோம பெட்ரோல்ல கழுவாதீங்க, ஒட்டு விட்டுப்போகும். க்ளீனர்ல கழுவி, துணி பிழியுற மாதிரி முறுக்காம அமுக்கி எடுத்து, நல்லா காஞ்சப்புறம் ஆயில் போடுங்க. ரேடியேட்டர் ஃபேன் சுத்துதான்னும் பாருங்க, வேகமே இல்லாத வண்டில காத்து தானா வராது, அந்தக் குட்டி ஃபேன்தான் எஞ்சினக் காப்பாத்துது. நின்ன இடத்துலயே ஓட விட்டு சூடானதும் அது ஆன் ஆகணும்.

டயர் லூசா இருக்குன்னு சொன்னீங்க, அது அப்படித்தான் இருக்கணும். பின்னாடி 4–5 பிஎஸ்ஐ, முன்னாடி 6–7. சாதா கேஜ் இந்த அளவுல பொய் சொல்லும், 15 பிஎஸ்ஐ வரைக்கும் மட்டும் காட்டுற லோ ப்ரஷர் கேஜ் ஒண்ணு வாங்குங்க.

செக்ஷன்_பன்னெண்டு:
ப்ரஷர் விஷயத்துல சின்ன மாற்றுக் கருத்து. ஆள் கனமா இருந்து, பாறை கூர்மையா இருந்தா 4 ரொம்பக் கம்மி, ரிம் அடி வாங்கும், பின் டயர் ட்யூப்லெஸ்ங்கறதால பீட் (ரிம்ல உக்கார்ற டயர் விளிம்பு) விட்டு மொத்தக் காத்தும் போயிரும். புதுசா ஓட்டுறவங்க 5–6ல ஆரம்பிச்சு, மண்ணு ஈரமா வழுக்குச்சுன்னா மட்டும் எறக்கலாம். முன் சக்கரத்துல ட்யூப் இருந்தா வால்வு சாஞ்சிருக்கான்னு பாருங்க, சாஞ்சிருந்தா டயர் ரிம்ல வழுக்கி ட்யூப இழுத்துட்டுப் போகுதுன்னு அர்த்தம்.

போட்டி பத்தி யாருமே சொல்லலையே, நான் சொல்றேன். கிளப் லெவல்ல பொதுவா பத்துப் பக்கம் செக்ஷன் (எல்லை கட்டி விட்ட கஷ்டமான சின்னத் துண்டு) இருக்கும், அதையே மூணு நாலு ரவுண்டு சுத்துவீங்க. ஒவ்வொரு செக்ஷன்லயும் ஒரு அப்சர்வர் நின்னு மார்க் போடுவார். கால் ஊனாம முடிச்சா பூஜ்யம், அதுதான் க்ளீன். ஒரு தடவ ஊனினா 1, ரெண்டு தடவன்னா 2, அதுக்கு மேல எத்தன தடவ ஊனினாலும் 3தான். விழுந்தா, எல்லைக்கு வெளிய போனா, தப்பான கேட்ல (அம்பு வெச்சுக் காட்டுற வழி) நுழைஞ்சா, எஞ்சின் நின்னு கால் ஊனினா 5. கம்மி மார்க் வாங்குறவர்தான் ஜெயிப்பார். இதுல இருந்து ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, 3க்கும் 5க்கும் நடுவுல பெரிய பள்ளம். பேலன்ஸ் போச்சுன்னா தயங்காம கால வெச்சுத் தள்ளிட்டு வெளிய வாங்க. புதுசா வர்றவங்க ஒரு கால் வெக்கக் கூடாதுங்கற வீம்புல மொத்தமா விழுந்து 5 வாங்குறத ஒவ்வொரு போட்டிலயும் பாக்குறேன், மனசு கஷ்டமா இருக்கும்.

செக்ஷன் உள்ள நிக்கலாமா கூடாதாங்கறது போட்டிக்குப் போட்டி மாறும். நான்ஸ்டாப் ரூல்னா வண்டி நின்னாலே 5. காலைல ரைடர்ஸ் ப்ரீஃபிங்ல காதக் குடுத்துக் கேளுங்க. அப்புறம் நடங்க. ஒவ்வொரு செக்ஷனையும் நடந்து பாக்காம உள்ள போகக் கூடாது, மேல ஏறி நின்னு திரும்பியும் பாருங்க, கீழருந்து தெரியாத வேர் மேலருந்து தெரியும். உங்க கிளாஸுக்கு எந்தக் கலர் அம்புன்னு மனப்பாடம் பண்ணிக்கோங்க. நல்லா ஓட்டுற ஒருத்தர் போறத ஒரு தடவ பாத்துட்டுப் போனா பாதி பயம் போயிரும், ஆனா ரெண்டாவது ரவுண்டுக்குள்ள எல்லார் டயரும் போயி லைன் மாறிருக்கும், அதனால மறுபடியும் எறங்கிப் பாருங்க.

மெதுவண்டி:
அண்ணா எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆட்டிப் பாத்தேன், க்ளட்ச் பிரிஞ்சு ஸ்மூத்தா விடுது! சறுக்குப்பாறை அண்ணன் சொன்ன மாதிரி லிங்கேஜக் கழட்டினேன், ஒரு பேரிங் சுத்தவே இல்ல, புதுசு ஆர்டர் போட்டாச்சு. இன்னும் ரெண்டே கேள்வி. அன்னிக்கு கூட என்னென்ன எடுத்துட்டுப் போகணும்? லீவர் ரெண்டும் ஹேண்டில்பார்ல லேசா ஆடுது, இத நல்லா டைட் பண்ணிடவா?

ஒத்தவிரல்_க்ளட்ச்:
டைட் பண்ணாதீங்க! கையால பலமா திருப்புனா நகர்ற அளவுக்கு இருக்கணும், அப்பதான் வண்டி சாயும்போது லீவர் உடையாம சுத்திக்கும். ஓட்டும்போது தானா நகர்ற அளவுக்கு லூசா மட்டும் இருக்கக் கூடாது. அப்படியும் ஒரு நாள் உடையத்தான் செய்யும், அதனால ஸ்பேர் லீவர் ரெண்டு பக்கத்துக்கும் வெச்சுக்கோங்க. கூடவே ப்ளக், செயின் லாக் (அறுந்த செயின இணைக்கிற கண்ணி), ட்யூப்லெஸ் பங்க்சர் குச்சி, கைப் பம்ப், கலந்து வெச்ச பெட்ரோல். ஸ்காட்லாந்துல நடக்குற ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் ட்ரையல் போட்டில ஆறு நாளும் தினம் 30 செக்ஷன் ஓட்டுறாங்க, நடுவுல மலை, சதுப்புன்னு நீளமான தூரம் வேற, அங்க இடுப்புப் பையில இருக்குற டூல்தான் மெக்கானிக். உங்களுக்கு அவ்ளோ தேவையில்ல, ஆனா லூப் (ஒரு ரவுண்டு சுத்துற பாதை) நடுவுல வண்டி நின்னா பார்க்கிங் வரைக்கும் நீங்கதான் தள்ளணும். தண்ணி நெறைய எடுத்துட்டுப் போங்க, நாள் பூரா நின்னுக்கிட்டே ஓட்டுறதுல உடம்பு காஞ்சிரும்.

செக்ஷன்_பன்னெண்டு:
ஒண்ணு விட்டுப்போச்சு. மணிக்கட்டுல மாட்டுற மேக்னட் கில் ஸ்விட்ச் இருக்கா பாருங்க, பழைய வண்டில பல பேர் அதக் கழட்டி வயர நேரா ஜாயின்ட் பண்ணி வெச்சிருப்பாங்க. விழுந்தா த்ராட்டில் மாட்டிக்கிட்டு வண்டி உங்க மேலயே சுத்தும், அத நிறுத்த அது ஒண்ணுதான் இருக்கு. பெரும்பாலான போட்டில அது இல்லாம செக்கிங்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. எஞ்சின் ஓடும்போது இழுத்துப் பாருங்க, அந்த நொடியே நிக்கணும்.