பிளெண்டரில் அம்சமாக இருக்கும் கலங்கரை விளக்கம் கேமுக்குள் போனதும் சொதப்புகிறது

உப்புக்காற்று:
இறுதியாண்டு ப்ராஜெக்டாக ஒரு சின்னப் புதிர் விளையாட்டு செய்கிறேன். பாழடைந்த கலங்கரை விளக்கம். உச்சி விளக்கின் ஒளியைக் கண்ணாடிகளால் திருப்பித் திருப்பிக் கதவுகளைத் திறக்க வேண்டும். மாடலிங் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில், விளையாட்டு கோடோ 4 என்ற கேம் எஞ்சினில்.

கோபுரத்துக்குள் நுழைந்தால் சுவரே இல்லை, கடல் தெரிகிறது. கதவு கீலில் திறக்காமல் நடுவில் பம்பரமாகச் சுற்றுகிறது. மேல்தளத்துக்கு ஏறினால் காட்சி திக்கித் திணறுகிறது. அங்கே இருப்பது பிரெனல் வில்லை (கண்ணாடி வளையங்களால் ஒளியைக் குவிக்கும் வில்லை), 1823-இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதலில் பொருத்திய வகை. ஒவ்வொரு கண்ணாடி வளையத்தையும் தனித்தனியாகச் செய்திருக்கிறேன். அதைத் தூக்கிவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள், ப்ளீஸ். அப்புறம், போர்ட்ஃபோலியோவில் எதை முதலில் வைப்பது?

பழைய_மெஷ்:
சுவர் அங்கேதான் இருக்கிறது. கேம் எஞ்சின்கள் வழக்கமாக ஒரு முகத்தின் (மாடலை ஆக்கும் தட்டையான துண்டின்) பின்பக்கத்தை வரையாது. பிளெண்டரின் வியூபோர்ட் (மாடலைக் காட்டும் சாளரம்) இரண்டு பக்கத்தையும் காட்டிவிடுவதால் உங்களுக்குத் தெரியவில்லை. முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நிறத்தால் காட்டும் ஃபேஸ் ஓரியண்டேஷன் ஓவர்லேயைப் போட்டு உள்ளே போய்ப் பாருங்கள், சிவப்பாக இருக்கும், அதுதான் பின்பக்கம். மெட்டீரியலில் இருபக்கமும் வரையும்படி மாற்றினால் சுவர் வந்துவிடும், ஆனாலும் வேண்டாம். தடிமன் இல்லாத சுவரில் ஒளி கசிய வாய்ப்பு அதிகம், உங்கள் விளையாட்டோ ஒளியை நம்பியே இருக்கிறது. சாலிடிஃபை மாடிஃபையரால் தடிமன் கொடுங்கள்.

கதவுக்கு, ஸ்கேலை அப்ளை செய்துவிட்டு 3டி கர்சரைக் கீல் விளிம்பில் வைத்து ஒரிஜினை, அதாவது பொருள் சுற்றும் மையப்புள்ளியை, அங்கே மாற்றுங்கள். அவ்வளவுதான்.

வில்லையைப் பொறுத்தவரை, வளையங்களை நார்மல் மேப்பாக (மேடுபள்ளம் இருப்பது போலத் தோன்றவைக்கும் படமாக) பேக் செய்து, அதாவது பதிந்து, வழவழப்பான ஒரே மெஷ்ஷில் (3டி வடிவத்தில்) ஒட்டிவிடலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நிழல்தேடி:
நான் கோபித்துக்கொள்வேன். ஆட்டக்காரர் பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்க்கப்போகும் ஒரே பொருள் அந்த வில்லை. மாடலை ஆக்கும் முக்கோணங்களைச் செலவழிக்க அதைவிட நல்ல இடம் ஏது? படிக்கட்டில் ஒவ்வொரு போல்ட்டையும் செதுக்கியிருந்தால் அதில் கை வையுங்கள்.

திணறலுக்கு முக்கோணம்தான் காரணம் என்று யார் சொன்னது? ஒளி ஊடுருவும் பொருள்களைப் பின்னாலிருந்து முன்னால் வரிசைப்படி வரைய வேண்டும். வளையத்துக்குப் பின்னால் வளையம் என்று இருக்கும்போது திரையின் ஒரே புள்ளி திரும்பத் திரும்ப வரையப்படும். வளையங்கள் தனித்தனி ஆப்ஜெக்ட் என்றால் டிரா காலும் (வரையச் சொல்லி கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் கட்டளை) ஏறும். எல்லாவற்றையும் ஒரே மெஷ்ஷாக இணைத்து, வெளிப்புற அடுக்கை மட்டும் ஊடுருவும்படி வைத்து, உள்ளே இருப்பதை ஒளிபுகாததாக்கிப் பளபளப்பால் கண்ணாடி போல ஏமாற்றுங்கள். அதற்கும் முன்னால் கோடோவின் டீபக்கரில், எதை வரைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் விஷுவல் ப்ரொஃபைலரைத் திறந்து பாருங்கள். ஊகித்துக்கொண்டு மாடலை வெட்டாதீர்கள்.

போர்ட்ஃபோலியோவில் முதலில் ஒரு புதிரை விடுவிக்கும் சின்ன வீடியோ. அதே அறை வெறும் சாம்பல் பெட்டிகளாக இருந்தபோது எடுத்தது இருந்தால் பக்கத்திலேயே போடுங்கள். கேம் டிசைனர் வேலைக்கு அதுதான் பேசும். வில்லையின் வயர்ஃப்ரேமும் (கோடுகளாக மட்டும் காட்டும் படம்) டெக்ஸ்சர் ஷீட்டும் (மேற்பரப்பில் ஒட்டும் படங்கள்) பிறகு வரட்டும்.

உப்புக்காற்று:
கதவும் சுவரும் சரியாகிவிட்டன, நன்றி இருவருக்கும். ப்ரொஃபைலரில் நேரத்தை அதிகம் தின்றது ஊடுருவும் பகுதிதான், அடுத்தது நிழல். மேல்தளத்தில் எல்லா விளக்குக்கும் நிழல் போட்டிருக்கிறேன். வில்லைக்குள் இருக்கும் ஒன்றுக்கு மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றை நிறுத்தினால் கண்ணாடிப் புதிர் புரியாமல் போய்விடுமா?

நிழல்தேடி:
போகாது. ஒளிக்கற்றையை ஒரு மெஷ்ஷாக வரைந்துவிட்டால் ஆட்டக்காரர் அதைத்தான் பின்தொடர்வார், நிழலைத் தேடமாட்டார்.