மாரிக்கு முன் அப்பாவின் பழைய சைக்கிளைத் திருத்த வேண்டும்: 6,000 ரூபாய்க்குள் எதை முதலில் செய்வது?

சாம்பல்தீவான் (கேள்வி):

வணக்கம். சாம்பல்தீவிலிருந்து திருகோணமலை நகரத்துக்கு நாள்தோறும் வேலைக்குப் போகிறேன். பேருந்துச் செலவைக் குறைக்க எண்ணி, அப்பா ஓடிய 28 அங்குலக் கம்பி பிறேக் சைக்கிளைக் கொட்டிலிலிருந்து வெளியே எடுத்திருக்கிறேன். கார்த்திகை, மார்கழியில் நிலாவெளி வீதியில் மழையோடு வாடைக் காற்றும் சேர்ந்து, வீடு திரும்பும் மாலை நேரத்தில் முகத்தில் அடிக்கும் என்பதால், அதற்கு முன் வண்டியை நம்பி ஏறக்கூடிய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

குறைகள் மூன்று. மிதிக்கும்போது சுற்றுக்கு ஒரு தடவை "டக்" என்ற அடி காலில் தெரிகிறது. இடைக்கிடை மிதி பிடிப்பில்லாமல் முன்னால் வழுக்குகிறது. பிறேக் காய்ந்த வீதியில் ஓரளவு பிடிக்கிறது. ஆனால் போன கிழமை தூறலில் உப்புவெளியருகே காலை ஊன்றித்தான் நிறுத்தினேன். கடையொன்றில் காட்டியபோது மிதிகள் சுற்றும் நடு அச்சு, அதைத் தாங்கும் கிண்ணங்களான கப், செயின், பின்சில்லின் பற்சக்கரமான பிறீவீல் அனைத்தையும் மாற்றச் சொன்னார்கள். அது என் கைக்கு எட்டாது. உண்மையில் எதை மாற்ற வேண்டும்?

பழைய பட்டறைக்காரன்:

தம்பி, ஒன்றையும் வாங்காமல் முதலில் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். செயினில் ஒரு கண்ணி இறுகியிருந்தால் சத்தம் சுற்றுக்கு ஒரு தடவை வராது. முன்னால் 48 பல் இருக்கும் வண்டியில் செயின் ஒரு முழுச் சுற்று வருவதற்குள் மிதி இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். உங்கள் சத்தம் மிதி, மிதியை நடு அச்சோடு இணைக்கும் கையான கிராங், நடு அச்சு ஆகிய மூன்றில் ஒன்றில்தான் இருக்கிறது.

கிராங் இரண்டையும் நிலத்துக்குச் சமாந்தரமாக நிறுத்தி, இரண்டு மிதிகளிலும் கைகளை வைத்து ஒரே நேரத்தில் கீழே அழுத்துங்கள். பிறகு அரைச் சுற்றுத் திருப்பி மீண்டும் அழுத்துங்கள். ஒரு கிராங் மட்டும் சிறிது அசைந்து நின்றால், அதை அச்சோடு பூட்டுகிற ஆப்புப் போன்ற கொட்டர் ஆணி தேய்ந்திருக்கிறது. கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது அச்சு முழுவதும் ஆடினால் மட்டுமே கப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் பெரும்பாலும் இடப்பக்கக் கப்பை இறுக்கிப் புதிய கிறீஸ் வைத்தால் போதும்.

கொட்டர் ஆணியின் தடிப்பு வண்டிக்கு வண்டி மாறும் என்பதால், பழையதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். அதன் சாய்வான முகம் அச்சிலுள்ள வெட்டில் படிய வேண்டும். இரண்டு ஆணிகளும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து நுழைய வேண்டும், இல்லாவிட்டால் கிராங்குகள் ஒரே நேர்கோட்டில் நிற்காது. நட்டை இறுக்கியே ஆணியை உள்ளே இழுக்கப் பார்க்காதீர்கள், புரி உரிந்துவிடும். கிராங்கின் அடியில் கனமான இரும்பொன்றை முட்டுக்கொடுத்து, சுத்தியலால் ஆணியை அடித்து இருத்திய பிறகே நட்டை இறுக்க வேண்டும். இதில் முட்டுக் கொடுக்காமல் அடித்து, கப்புக்குள் போல்ஸ் (சிறு இரும்புக் குண்டுகள்) ஓடும் தடத்தைப் பழுதாக்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிண்ணியா ஓட்டுநர்:

சகோதரரே, பிறீவீலையும் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். மிதி வழுக்கும்போது செயின் பல்லின் மேல் ஏறிக் குதிக்கிறதா, அல்லது செயினும் பல்லும் சேர்ந்தே ஓட உள்ளே மட்டும் பிடி விடுகிறதா என்று பாருங்கள். இரண்டாவதென்றால், உள்ளே இருக்கும் சிறிய நாக்குகள் பழைய எண்ணெய்ப் பிசினில் ஒட்டியிருக்கின்றன. சில்லைச் சரித்து, மண்ணெண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றிச் சுழற்றி, அழுக்கு நின்றதும் உலரவிட்டு, மெல்லிய எண்ணெய் விடுங்கள். அங்கே கிறீஸ் கூடாது. நாக்குகள் மறுபடியும் ஒட்டும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், அது நாளடைவில் பசையாகிவிடும்.

செயினை அடிமட்டத்தால் அளக்கலாம். ஆணிக்கு ஆணி 24 இடைவெளிகள் புதிய செயினில் சரியாக 12 அங்குலம். 12⅛ ஆகியிருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

பழைய பட்டறைக்காரன்:

நல்ல விளக்கம். மிஞ்சும் பணத்தைப் பிறேக்கில் போடுங்கள், தம்பி. இரும்பு ரிம் நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்குவது இயல்பு. அதை முற்றாக நீக்க வழியில்லை, குறைக்கலாம். நான்கு கட்டைகளையும் புதிதாகப் போட்டு, அவை ரிம்மின் உட்புறத்தில் முழுவதும் படிகின்றனவா என்று பாருங்கள். துருவை மெல்லிய மண்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசையைச் சவர்க்கார நீரால் கழுவுங்கள். மழையில் நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்னதாகவே பிறேக்கை இலேசாக அழுத்தி, ரிம்மிலுள்ள நீரை வழித்துவிட்டு, பிறகு இறுக்குங்கள். மட்காட்டின் நுனியில் பழைய ரியூப் துண்டொன்றைத் தொங்கவிட்டால் சேறு செயினுக்குக் குறைவாக வரும்.

சாம்பல்தீவான்:

இரண்டு ஐயாக்களுக்கும் நன்றி. வலப்பக்கக் கொட்டர் ஆணிதான் காரணம். கழற்றியபோது அதன் முகத்தில் ஒரு படியே விழுந்திருந்தது. இரண்டையும் மாற்றினேன். பிறீவீல் மண்ணெண்ணெயில் சரியாகிவிட்டது. செயின் 12 அங்குலத்தைச் சற்றுத் தாண்டியிருக்கிறது, 12⅛ ஆகவில்லை. ஆகவே இந்த மாரிக்கு விட்டுவைக்கிறேன். பிறேக் கட்டைகளும் வாங்கிவிட்டேன், 6,000 ரூபாயில் இன்னும் மிச்சம் இருக்கிறது. நேற்று நகரம்வரை ஓடிப்போய்க் கொட்டர் நட்டைப் பார்த்தபோது மேலும் கால் சுற்று இறுகியது. இது வழமையா, அல்லது ஆணியை மறுபடியும் அடித்து இருத்த வேண்டுமா?

பழைய பட்டறைக்காரன்:

வழமைதான். புதிய ஆணி ஓட ஓடத் தன் இடத்தில் அமரும். முட்டுக்கொடுத்து ஒரு தடவை தட்டி, நட்டை இறுக்கி, ஒரு கிழமைக்குப் பிறகு இன்னொரு முறை பாருங்கள்.