"நீ படு, நான் பார்க்கிறேன்" என்று சொன்னவர்கள்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாய்:

என் மகனுக்கு 9 வயது. ஆட்டிசம். பேச்சு இன்னும் வரவில்லை. தண்ணீர் என்றால் அவனுக்கு உயிர். ராமேஸ்வரம் தீவில் இருக்கிற எங்கள் ஊரில் வடக்கே போனாலும் கடல், தெற்கே போனாலும் கடல். தாழ்ப்பாள் போட மறந்தால் போதும், சற்று நேரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விடுவதையும், அப்படிப் போகிறவர்களுக்கு நீர்நிலைதான் பெரிய ஆபத்து என்பதையும் மருத்துவர்கள் எல்லா நாட்டிலும் எச்சரிக்கிறார்கள். எங்களுக்கு அந்த ஆபத்து வாசலிலேயே கிடக்கிறது.

அவன் அப்பா விசைப்படகில் போகிறவர். அவர் கடலில் இருக்கும் இரவுகளில் சேலைத் தலைப்பை மகன் கணுக்காலில் முடிந்துகொண்டு படுப்பேன். அவன் எழுந்தால் இழுக்கும், விழித்துவிடுவேன். அவன் அயர்ந்து தூங்கும் இரவிலும் இழுத்ததுபோல் தோன்றி எழுந்து உட்கார்ந்திருப்பேன். ஐந்து வருடம் இப்படியே போயிற்று. அடுப்பில் உலை வைத்ததை மறந்தேன். யாராவது அன்பாகப் பேசினாலும் எரிச்சல் வந்தது. ஒருநாள் மகனை அடித்துவிட்டேன். ஏன் அடி விழுந்தது என்று தெரியாமல் அவன் என்னையே பார்த்தான். அந்தப் பார்வையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

உறவுக்காரர் ஒருவர், "ஏர்வாடிப் பக்கம் கொண்டுபோய்க் கொஞ்ச நாள் கட்டிப்போட்டால் அடங்கிவிடுவான்" என்றார். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட வழியின்றி 28 பேர் இறந்தார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் அதைத் தாழ்ந்த குரலில் பேசியது நினைவிருக்கிறது. உறவுக்காரர் சொல்லிவிட்டுப் போன அன்று இரவு, சேலை முடிச்சைப் போடப்போன என் கை அப்படியே நின்றுவிட்டது. முடிச்சுப் போடவும் மனமில்லை, போடாமல் கண்ணை மூடவும் துணிவில்லை. விடியும்வரை சுவரில் சாய்ந்திருந்தேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போதாவது அவன் அப்பா வீட்டில் இருப்பார் என்று பார்த்தால், கூலிக்குக் கேரளத்துப் படகுக்குப் போய்விடுவார். கடன் இருக்கிறதே! அப்படி ஒரு மதியம் மகனைத் தென்கடல் பக்கம் கூட்டிப்போனேன். கடலில் பாசி எடுக்கும் வயதான பெண் ஒருவர், விரல்களில் சுற்றிய துணிகூட அவிழ்க்காமல், மணலில் பாசியை உலர்த்திக்கொண்டிருந்தார். மகன் போய் ஈரப் பாசிக்குள் கையை விட்டு அளையத் தொடங்கினான். நான் பதறி ஓடினேன்.

"விடு தாயி. உனக்குக் கண் செருகுகிறது. அந்தப் பனை நிழலில் படு, நான் பார்க்கிறேன்."

"சொன்னால் புரியாது அப்பத்தா. ஓடிவிடுவான்."

"இத்தனை வருடம் நீவாடு, அதுதான் கடல் நீரோட்டம், பார்த்துக் கடலில் இறங்கியவள் நான். இவனைப் பார்த்துக்கொள்ள மாட்டேனா?"

அவனுக்கும் கடலுக்கும் நடுவில் தன் உடம்பைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒன்றரை மணி நேரம் தூங்கியிருக்கிறேன். விழித்தபோது அவன் பாசியைக் கொத்துக் கொத்தாக வரிசை கட்டி வைத்திருந்தான். அப்பத்தா அதைக் கலைக்காமல் சுற்றி நடந்துகொண்டிருந்தார். எந்தப் பாவத்தால் இப்படிப் பிறந்தான் என்று அவர் ஒருபோதும் கேட்டதில்லை. இப்போது வாரத்தில் இரண்டு மதியம் அங்கே போகிறோம். உங்களுக்கு அப்படி யாராவது வாய்த்தார்களா?

கீழக்கரையிலிருந்து ஒரு வாப்பா:

சவூதியில் 11 வருடம் இருந்தேன். மகளுக்கு ஆட்டிசம் என்று மனைவி தொலைபேசியில் அழுதபோதெல்லாம் "பொறுத்துக்கொள்" என்ற ஒரே சொல்லைத்தான் அனுப்பினேன். விடுமுறையில் வந்திருந்தபோது அவர் நான்கு நாள் மருத்துவமனையில் படுத்தார். அந்த நான்கு நாளில்தான் நான் வாப்பா ஆனேன்.

பயிற்சிக்காக மகளை ராமநாதபுரத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். ஹாரன் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். பின்னாலிருந்து ஒருவர், "தாய் வளர்த்த லட்சணம்" என்றார். தாயின் அன்புக் குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மேலைநாட்டு மருத்துவர்களே சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், இது மூளை வளர்ச்சி சார்ந்தது என்று 1964-இல் வாதிட்டு அதை உடைத்தார். அறுபது வருடம் கழித்தும் அந்தப் பழி என் மனைவியின் தலையில் விழுகிறது. தடுப்பூசியால் வந்தது என்று எங்கள் வீட்டிலேயே பேசினார்கள். அப்படிச் சந்தேகம் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது.

அன்று பஸ்ஸில் மீன் கூடையோடு இருந்த ஒரு லாத்தா எழுந்து ஜன்னல் இடத்தை மகளுக்குக் கொடுத்தார். அந்த ஆளைப் பார்த்து, "பிள்ளைக்குச் சத்தம் ஆகாது, நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கள்" என்றார். ஊர் வரும்வரை நின்றுகொண்டே வந்தார்.

நான் திரும்பிப் போகவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததிலிருந்து இரவுவரை மகள் என் பொறுப்பு. மனைவி தன் உம்மா வீட்டுக்குப் போய்ச் சும்மா படுத்திருந்துவிட்டு வருகிறார்.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு சகோதரி:

என் தம்பிக்கு 34 வயது, அறிவுசார் குறைபாடு. "கடவுள் உங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பிள்ளை" என்று சொல்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அதைக் கேட்டால் அம்மா ஒரு வாரம் பேசமாட்டார். "எனக்குப் பிறகு இவனுக்கு யார்?" என்பதுதான் அவருடைய பயம். மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது, அதனால் அரிசிக் கவலை குறைந்தது, இந்தப் பயம் குறையவில்லை.

18 வயது தாண்டிவிட்டால் பெற்றவர்களே ஆனாலும் சட்டப்படி காப்பாளர் இல்லை என்பது எங்களுக்குத் தெரியாது. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் இது பொருந்தும். இவர்களுக்கே நிராமயா என்ற காப்பீடும் உண்டு; வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, பயிற்சிச் செலவும் அதில் அடங்கும். இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னவர், அலுவலக வராண்டாவில் தன் மகளோடு காத்திருந்த இன்னொரு தாய். நான் படிவம் நிரப்பிய நேரம் முழுவதும் தம்பி கையை அவர்தான் பிடித்திருந்தார். காப்பாளராக என் பெயர் எழுதிய தாளை அம்மா தலையணை உறைக்குள் வைத்திருக்கிறார்.

மண்டபத்திலிருந்து ஒரு தாய்:

எனக்கு யாரும் கிடைக்கவில்லை. என் மகளுக்கு 6 வயது. இதைப் படித்துவிட்டு அழுதேன். அவ்வளவுதான் எழுத முடிகிறது.

தங்கச்சிமடத்திலிருந்து:

தங்கச்சி, பாம்பன் பாலம் தாண்டினால் எங்கள் ஊர். பஸ் டிக்கெட் காசை நான் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் வா. மகளுக்கு மாற்று உடை இரண்டு எடுத்துக்கொள், எப்படியும் நனைவாள். பாய் நான் கொண்டுவருகிறேன். இந்த வாரம் பிள்ளைகள் இரண்டு பேர் என்று அப்பத்தாவிடம் சொல்லிவிட்டேன்.