'வெள்ளி'யை எண்ணினால் நடை தெரியுமா?

லயத்து வாசகன்:
மலேசிய ரப்பர்த் தோட்டத்து நாவல்களைக் கோப்பாக்கி, வாயன்ட் என்ற இணையக் கருவியில் போட்டுச் சொற்களை எண்ணினால் ஆசிரியரின் நடை பிடிபடும் என்று டீச்சர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்புதல் இல்லை. 'வெள்ளி' நம் ஊரில் ரிங்கிட். நாவலில் வெள்ளிக்கிழமையும் வரும், வெள்ளிக் கொலுசும் வரும். 'பால்' ரப்பர் மரத்துப் பாலா, மாட்டுப் பாலா? கருவிக்கு எல்லாம் ஒன்றுதான்.

டீச்சர், சுங்கை சிப்புட்:
எண்ணிக்கையோடு நிறுத்தினால் அப்படித்தான் அண்ணே. ஆன்ட்காங்க் என்ற சொல்தேடல் மென்பொருளில் தேடுங்கள், ஒவ்வொரு 'வெள்ளி'யும் முன்பின் சொற்களோடு வரிவரியாக வரும். இடப்பக்கம் 'ரெண்டு', 'அஞ்சு' நின்றால் பணம்.

உண்மையான தொல்லை அதற்கும் முன்னால். 'கொட்டகை'யில் உள்ள 'ொ'வை ஒருவர் ஒரே குறியாகவும், இன்னொருவர் ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் தட்டியிருப்பார். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு சொல். பிரிந்ததை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோடு என்எஃப்சி வடிவுக்கு முதலில் மாற்றிவிடுங்கள். பைத்தான் நிரல்மொழியில் வழக்கமான சொல்பிரிப்புக் குறியை நம்பினால் 'தோட்டம்' என்பது 'த', 'ட', 'டம' என்று சிதறும். உயிர்க்குறியையும் புள்ளியையும் அது எழுத்தாக ஏற்காது. தமிழ் யூனிகோடு வரம்பு முழுவதையும் கொடுத்துப் பிரிக்க வேண்டும்.

லயத்து வாசகன்:
சரி, பிரித்தாயிற்று. 'அதை', 'அதைப்', 'அதைக்' மூன்று சொல்லாக நிற்குமே? அந்தச் சந்தி ஒற்றெழுத்தைப் போட்டது ஆசிரியரா, மெய்ப்புப் பார்த்தவரா? ஆசிரியரை நடையால் அடையாளம் காண ஆய்வாளர் பர்ரோஸ் 2002இல் சொன்ன டெல்டா முறை ஆங்கிலத்தின் சின்னச் சின்னச் சொற்களை எண்ணுவது. தமிழில் அந்த வேலையைச் செய்வது 'உம்', 'இல்', 'ஆல்'. அவை சொல்லோடு ஒட்டிக்கிடக்கின்றன.

டீச்சர், சுங்கை சிப்புட்:
அதனால்தான் சொல்லை விட்டு, மூன்று நான்கு எழுத்துத் தொடர்களை எண்ணச் சொல்கிறேன். ஆர் என்ற நிரல்மொழியில் உள்ள ஸ்டைலோ தொகுப்பு அதைச் செய்யும். சொல் இறுதியில் வரும் க், ச், த், ப் நான்கையும் முன்பே வெட்டிவிடலாம். தமிழ்ச் சொல் இவற்றில் முடியாது. ஆனால் 'பேராக்' போன்ற பிறமொழிப் பெயர் 'பேரா' ஆகிவிடும், ஆகவே ஊர்ப்பெயர்களுக்கு விலக்குப் பட்டியல் வேண்டும். நூல் நீளநீளப் புதுச்சொல் விகிதம் இறங்கும். 5,000 சொல் துண்டுகளாக்கி ஒப்பிடுங்கள். உரையாடல் தனிக் கோப்பு, விவரிப்பு தனிக் கோப்பு.

லயத்து வாசகன்:
பெரட்டில் (காலை ஆள்கணக்கெடுப்பில்) கிராணியிடம் (தோட்டத்து எழுத்தரிடம்) 'சரிங்க' என்று மட்டும் சொல்பவன் லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) வந்து பக்கம் பக்கமாகப் பேசுகிறான். நடை அங்கேதான் இருக்கிறது. யாரிடம் பேசுகிறான் என்பது உங்கள் கோப்பில் எங்கே?

டீச்சர், சுங்கை சிப்புட்:
ஒவ்வொரு பேச்சுக்கும் பேசுபவர், கேட்பவர் என்று கையால் குறியிட வேண்டும். அதன் பிறகு 'ங்க' விகுதியைக் கேட்பவர்வாரியாக எண்ணலாம்.

லயத்து வாசகன்:
அப்படியானால் வாசித்தது நீங்கள், கருவி இல்லை.

டீச்சர், சுங்கை சிப்புட்:
வாசிக்காமல் குறியிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முந்நூறு பக்கத்தில் எந்த அத்தியாயத்தில் 'ங்க' குறையத் தொடங்குகிறது என்பதை நினைவில் வைத்துச் சொல்ல யாராலும் ஆகாது அண்ணே. முதலில் ஒரே அத்தியாயத்தை நீங்களும் நானும் தனித்தனியாகக் குறியிடுவோம். ஒத்துப்போகாத இடங்களைப் பேசித் தீர்த்த பிறகு மற்ற அத்தியாயங்களைத் தொடலாம்.