சேலத்து முகவரியும் லெஸ்டர் முகவரியும்: எந்த வங்கிக்கு எதைக் கொடுப்பது?

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தேன். சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்கு வந்து மூன்று வாரம். நான்கு பேரோடு ஒரே வீட்டில் ஓர் அறை, கரண்ட் பில் முதல் கவுன்சில் வரி என்னும் உள்ளாட்சி வரி வரை எல்லாம் வீட்டுக்காரர் பெயரில். இங்குள்ள வங்கி முகவரிச் சான்று கேட்கிறது, சேலத்து வங்கியும் கேஒய்சியை, அதாவது நம் அடையாள, முகவரி விவரங்களை, புதுப்பிக்கச் சொல்கிறது. நான் ஏற்காட்டிலிருந்து வந்த புதிதில் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நின்றேன். முதல் மாதச் சம்பளம் போட ஒரு கணக்கு இல்லாமல் மூன்று வாரம் போனது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சொந்த ஊர் முகவரியையும் குடியிருக்கும் முகவரியையும் மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். வீடு எங்கே என்று யார் கேட்டாலும் நமக்கு சேலம் என்றுதான் வாயில் வரும். ஆனால் படிவத்தில் ‘நிரந்தர முகவரி’ என்று இருந்தால் மட்டும் அம்மாப்பேட்டை, ‘தற்போது வசிக்கும் முகவரி’ என்று இருந்தால் லெஸ்டர். இதை மாற்றி எழுதுவதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

இங்குள்ள வங்கிக்கு வருவோம். கைப்பேசி பில்லைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், பெரும்பாலான இடங்களில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நான் அதைக் கொண்டுபோய்த்தான் திரும்பி வந்தேன். உங்கள் நிறுவனத்தின் எச்ஆரிடம், பெயர், வேலை, வீட்டு முகவரி மூன்றும் வரும்படி ஒரு கடிதம் கேளுங்கள். படிக்க வந்தவர்களுக்குப் பல்கலைக்கழகமே வங்கிக்கென்று இப்படி ஒரு கடிதம் தரும். அதுவும் தாமதமானால் மான்சோ, ஸ்டார்லிங் போன்ற கைப்பேசி வங்கிகளில் முயன்று பாருங்கள். பாஸ்போர்ட்டையும் முகத்தையும் படம் பிடித்துச் சரிபார்த்துவிட்டு கார்டை உங்கள் முகவரிக்கு அஞ்சலில் அனுப்புவார்கள். சம்பளம் வாங்க அது போதும்.

அடுத்து, தபாலில் வரும் அரசாங்கக் காகிதம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். நேஷனல் இன்சூரன்ஸ் எண் (வேலை செய்பவர்களுக்கான சமூகக் காப்பீட்டு எண்) வரும் கடிதம், பிரிட்டன் வரித் துறையான எச்எம்ஆர்சி அனுப்பும் வரிக் குறியீட்டுக் கடிதம் இரண்டிலும் உங்கள் பெயரும் முகவரியும் அச்சாகி இருக்கும். நிறைய இடங்களில் இவை செல்லும். தற்காலிக ஓட்டுநர் உரிமத்துக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். இணையத்தில் 34 பவுண்டு, அஞ்சலில் 43 பவுண்டு. கார் ஓட்டும் எண்ணம் இல்லாவிட்டாலும் முகவரி அச்சான அட்டை ஒன்று கையில் இருக்கும். ஆனால் அதையே அடையாளச் சான்றாகவும் காட்டினால் முகவரிக்கு வேறு ஏதாவது கேட்பார்கள். அடையாளத்துக்கு பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, உரிமத்தை முகவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: இந்தியக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால், விசா உள்ளவர்கள் பிரிட்டன் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். இணையத்தில் சில நிமிட வேலை. நிதி நிறுவனங்கள் முகவரியைக் கணினியிலேயே சரிபார்க்க அந்தப் பட்டியலையும் பார்க்கின்றன. பெயர் அதில் இருந்தால் பல நேரம் காகிதமே கேட்பதில்லை. இதை முதல் மாதத்திலேயே செய்யாமல் விட்டேனே என்று எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

இனி ஊர் வங்கி. இதில்தான் நான் பட்டது அதிகம். என் சேமிப்புக் கணக்கு சேலத்தில் ஒரு கிளையில் இருந்தது. வேலைக்கென்று நாட்டை விட்டுக் கிளம்பியதும் அதை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் ஊரில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்காக, மாற்றியிருக்க வேண்டும், அந்நியச் செலாவணிக்கான ஃபெமா சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நான் மாற்றவில்லை. கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லி வங்கி அனுப்பிய கடிதம் ஏற்காட்டு வீட்டுக்குப் போயிருக்கிறது, அப்பா பத்திரமாக பீரோவில் வைத்துவிட்டார். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று பணம் எடுக்கப் பார்த்தால் கணக்கு முடங்கிக் கிடந்தது. அப்பா 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிக் கிளைக்குப் போய்க் கெஞ்சியும், கணக்கு வைத்திருப்பவரின் ஆவணம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சித்தப்பா பணம் கட்டினார். அந்த நாளை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. அதனால் தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள்.

ரிசர்வ் வங்கி விதிப்படி கேஒய்சியை, வாடிக்கையாளரை வங்கி எந்த வகையில் வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து 2, 8 அல்லது 10 ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். உங்களுக்கு எது என்று கிளையில் மின்னஞ்சலில் கேளுங்கள். என்ஆர்ஓவுக்கு மாற்றும்போது பாஸ்போர்ட், விசா நகல்களோடு லெஸ்டர் முகவரிச் சான்றும், வரி கட்டும் நாடும் அந்நாட்டு வரி எண்ணும் எழுதிய உறுதிமொழிப் படிவமும் கேட்பார்கள். நகல்களில் சான்றொப்பம் வேண்டும் என்றால், இந்தியத் தூதரக அலுவலகம், உள்ளூர் நோட்டரி, இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளை அதிகாரிகள் ஆகியோரில் யாருடையதை ஏற்பார்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டு போங்கள். கடிதம் அனுப்பும் முகவரியாக அம்மாப்பேட்டை இருந்தால், வங்கிக் கவர் எது வந்தாலும் அன்றே பிரித்து வாட்ஸப்பில் படம் அனுப்பும்படி வீட்டில் சொல்லி வையுங்கள்.

பெயர் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். நமக்கு இனிஷியல்தான் பழக்கம். பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரிந்திருக்கும், ஆதாரில் ஒற்றை எழுத்தாக நிற்கும், இங்குள்ள பில்லில் முன்பின் மாறி வரும். முகவரியிலும் அப்படித்தான். ஒன்றில் பழைய கதவு எண், இன்னொன்றில் புதிய எண், தெருப் பெயருக்கு மூன்று எழுத்துக்கூட்டல். இங்கே வீட்டு ஒப்பந்தம் போடும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் எழுதச் சொல்லுங்கள். பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.

ஊர் முகவரிக்குச் சான்று கேட்டால், அது பாஸ்போர்ட்டில் இருந்தால் அதுவே போதும். ஈபி பில்லைத் தேடி வீட்டாரை விரட்ட வேண்டாம். பாதி வீடுகளில் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. அதோடு ரிசர்வ் வங்கி கேட்பது 2 மாதத்துக்கு மேற்படாத பில், நம் ஊரில் கணக்கெடுப்பதே 2 மாதத்துக்கு ஒருமுறை.

நேற்று, ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் (எஸ்டேட் தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) வளர்ந்த ஒரு தங்கை கேட்டிருந்தார், அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். வீடும் கரண்டும் எஸ்டேட்டுடையது என்றால் உங்கள் பெயரில் பில் கிடைக்காது. விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) தரும் சான்றிதழ் ரிசர்வ் வங்கி ஏற்கும் ஆவணங்களின் பட்டியலில் இல்லை. வாக்காளர் அட்டை, ஆதார், பாஸ்போர்ட் போன்றவைதான் கைகொடுக்கும். ஆதாரில் முகவரி தவறாக இருந்தால், குடும்பத் தலைவரின் ஆதாரை வைத்து இணையத்திலேயே திருத்தலாம், 2023 முதல் இந்த வசதி இருக்கிறது. ஓடிபி வர வேண்டுமென்றால் உங்கள் இந்திய சிம் உயிரோடு இருக்க வேண்டும். கிளம்பும் முன் ரோமிங் போட்டு, மாதாமாதம் ரீசார்ஜ் செய்யும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.